உழைத்த நாடும் ஓய்ந்த நாடும்: பிறநாட்டு அரச ஓய்வூதியங்களின் மீதான வரியுரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்தின் அண்மைக்காலச் சமூக வரலாற்றை எழுதப் புகும் எவரும் 'மலாயன் பென்சன்' என்னும் தொடரைச் சந்திக்காது அப்பாற் செல்லுதல் இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதி தொடக்கம் மலாயாவுக்குச் சென்று, அங்கு அரசாங்க சேவையிற் பணியாற்றி, முதுமையில் ஊர் திரும்பியோர் மாதந்தோறும் பெற்ற ஓய்வூதியத்தையே அத்தொடர் சுட்டும். அப்பணம் எழுப்பிய கல்வீடுகள் பற்றியும், திருப்பணி கண்ட கோயில்கள் பற்றியும், பிள்ளைகளின் கல்வி, சீதனம் ஆகியன பற்றியும் எம்மவர் பேசியுள்ளனர், எழுதியுமுள்ளனர். ஆயின் அப்பணத்தின் மீது வரி விதிக்கும் உரிமை எவ்வரசுக்கு உரியதாயிருந்தது என்னும் வினா எம்மிடையே அதிகம் எழுப்பப்பட்டதில்லை.

வினா சிறிதெனத் தோன்றலாம். உண்மையில் அது அரசு, குடிமை, இறைமை என்பன பற்றிய பெருவினாக்களோடு பிணைந்ததாகும். ஒருவன் தன் உழைப்பை ஒரு நாட்டுக்கு அளிக்கிறான்; முதுமையை இன்னொரு நாட்டிற் கழிக்கிறான். அவனது ஓய்வூதியம் முதல் நாட்டின் திறைசேரியிலிருந்து வருகிறது. ஆகவே வரியும் அந்நாட்டுக்கே உரியது என்பது ஒரு கட்சி. அவன் நடக்கும் தெருவையும், மருந்து பெறும் வைத்தியசாலையையும் பேணுவது இரண்டாவது நாடு. ஆகவே வரி பெறும் உரிமை அதற்கே என்பது மறு கட்சி. இரு கட்சியிலும் நியாயம் உண்டு. எனினும், வரலாற்றில் இவ்வழக்குத் தீர்க்கப்பட்ட முறையை நோக்கின், ஓய்வூதியரின் நலனோ நியாயத்தின் எடையோ தீர்ப்பை நிர்ணயிக்கவில்லை என்பது புலப்படும். கொடுக்கும் அரசுக்கும் வதியும் நாட்டின் அரசுக்கும் இடையே நிலவிய அதிகார உறவே அதனைப் பெரிதும் நிர்ணயித்தது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஓய்வூதியத்தின் இயல்பினை நோக்குவோம். இன்று நாம் அறியும் அரச ஓய்வூதிய முறை பெருமளவுக்குப் பிரித்தானிய நிருவாகத்தின் ஆக்கமாகும். 1810, 1834, 1859 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் இங்கிலாந்தின் குடிசார் சேவையாளரின் ஓய்வூதியத்தை ஒழுங்கு செய்தன. 1859ஆம் ஆண்டுச் சட்டம், பணியாற்றிய ஒவ்வோராண்டுக்கும் சம்பளத்தின் அறுபதில் ஒரு பங்கு என்னும் கணக்கில், நாற்பது ஆண்டுகள் வரை ஓய்வூதியம் கணிக்க வகை செய்தது. ஆனால் ஓய்வூதியம் பெறுதல் உத்தியோகத்தரின் அறுதியான உரிமை என அச்சட்டங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அது சேவைக்கு மகிழ்ந்து முடி அளிக்கும் கொடை என்னும் கருத்தே மேலோங்கியிருந்தது. ஓய்வூதியம் கொடையா, பின்போடப்பட்ட சம்பளமா என்னும் இவ்வையம் வரியுரிமை பற்றிய விவாதத்தையும் தொடர்ந்து நிழலிட்டு வந்துள்ளது. கொடை எனின், கொடுப்பவனே நிபந்தனை விதிப்பான். சம்பளம் எனின், அது உழைத்தவனின் உடைமை. அவன் எங்கு செல்கிறானோ அங்கு அதுவும் செல்லும்.

வருமான வரியும் ஏறத்தாழ அக்காலத்திலேயே உருப்பெற்றது. 1799இல் பிற் அறிமுகஞ் செய்த வரி, 1803இல் அடிங்ரனால் ஐந்து அட்டவணைகளாக வகுக்கப்பட்டது. 1816இல் நீக்கப்பட்டு, 1842இல் பீலினால் மீண்டும் கொண்டுவரப்பட்டது. அவ்வட்டவணைகளுள் இறுதியானது அரசாங்கப் பதவிகளின் ஊதியத்தையும், அரசிறையிலிருந்து வழங்கப்படும் ஓய்வூதியங்களையும் உள்ளடக்கியது. அரசு தன் கையால் வழங்குவதிலிருந்து தன் கையாலேயே ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுதல் எளிது. கொடுப்பவரும் வரி பெறுபவரும் ஒருவராக இருக்கும்வரை இம்முறையிற் சிக்கல் எழவில்லை. பேரரசின் விரிவே அவ்விருவரையும் வேறாக்கிற்று.

பேரரசின் சேவையில் இருவகை உத்தியோகத்தர் இருந்தனர். குடியேற்றநாட்டில் ஆட்சி நடத்திவிட்டு இங்கிலாந்துக்கு மீண்ட பிரித்தானியர் ஒரு வகையினர். ஒரு குடியேற்றநாட்டிற் பிறந்து, இன்னொரு குடியேற்றநாட்டின் அலுவலகங்களிலும் புகையிரத நிலையங்களிலும் பணியாற்றித் தாயகம் திரும்பிய கீழ்நிலை உத்தியோகத்தர் மற்றொரு வகையினர். யாழ்ப்பாணத்து மலாயன் ஓய்வூதியர் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தவர். இரு வகையினரும் எல்லை கடந்து ஓய்வூதியம் பெற்றனர். ஆயின் சட்டம் இருவரையும் ஒருபடியாக நோக்கவில்லை.

முதல் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு இந்தியாவாகும். இந்திய குடிசார் சேவையில் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்து, அவற்றுள் இருபத்தொரு ஆண்டுகள் நேரடியாகக் கடமை புரிந்தவர், பதவி நிலை எதுவாயினும், ஆண்டுக்கு 1,000 பவுண் ஓய்வூதியம் பெற்றார். இவ்வோய்வூதியங்களும் விடுமுறைச் சம்பளங்களும், இந்திய அரசிறையிலிருந்து இலண்டனில் செலுத்தப்பட்ட 'தாயகக் கட்டணங்களின்' முக்கிய கூறுகளாயிருந்தன. 1901இல் வெளிவந்த தம் நூலில் தாதாபாய் நௌரோஜி இந்தியச் செல்வத்தின் வடிதல் பற்றி எழுதியபோது, இவ்வோய்வூதியங்களையும் அதில் அடக்கினார். இந்தியாவில் ஈட்டிய பணத்தோடு, இந்தியாவில் ஈட்டிய அனுபவத்தையும் இவ்வுத்தியோகத்தர் கொண்டு சென்றுவிடுகின்றனர் என்பது அவர் எழுப்பிய குற்றச்சாட்டுகளுள் ஒன்று.

இந்தியாவில் வருமான வரி 1860இல் ஜேம்ஸ் வில்சனால் அறிமுகப்படுத்தப்பட்டது. 1886ஆம், 1922ஆம் ஆண்டுச் சட்டங்களால் நிலைபெற்றது. எனவே, இலண்டனிற் செலுத்தப்படும் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை இந்தியா வரியாக மீளப்பெறலாமன்றோ என்று கேட்பது இயல்பே. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் இவ்வினாவுக்கு ஐயமற விடை கூறிற்று. அதன் 272ஆம் பிரிவின்படி, இந்தியாவுக்கு வெளியே நிரந்தரமாக வதியும் ஓய்வூதியர் பெறும் குறித்த ஓய்வூதியங்கள், இந்தியாவில் நடைமுறையிலிருந்த சட்டங்களோ, சமஷ்டி அல்லது மாகாண சட்டசபைகள் இயற்றக்கூடிய சட்டங்களோ விதிக்கும் எல்லா வரிகளினின்றும் விலக்குப் பெற்றன. கொடுப்பது இந்தியா; வரி விதிப்பது வதியும் நாடாகிய பிரித்தானியா. பொறுப்பாட்சியை நோக்கி இந்தியாவை இட்டுச் செல்வதாகக் கூறப்பட்ட சட்டமே, வருங்கால இந்தியச் சட்டசபைகளின் கைகளை இவ்விடயத்தில் முன்கூட்டியே கட்டிவைத்தது.

விடுதலையின் பின்னரும் இவ்வேற்பாடு உடனே அறுபடவில்லை. 1948இல் ஸ்ரேலிங் மீதிகள் தொடர்பாக இரு நாடுகளும் செய்துகொண்ட இணக்கத்தின்படி, ஓய்வூதியப் பொறுப்பைத் தீர்க்கும் ஆண்டுத்தொகைகளை இந்தியா பிரித்தானியாவிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. மத்திய அரசின் பொறுப்புக்கு 147.5 மில்லியன் பவுணும், மாகாணங்களின் பொறுப்புக்கு 20.5 மில்லியன் பவுணுமாக மொத்தம் 168 மில்லியன் பவுண் அதற்கு ஈடாயிற்று. போர்க்காலத்தில் இந்தியா தன் பண்டங்களையும் சேவைகளையும் அளித்துச் சேர்த்த கடன்மீதியிலிருந்தே இத்தொகை கழிக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டத்தின் 9ஆம் பிரிவிலும் பழைய விலக்கின் எச்சமொன்று இடம்பெற்றது. இந்திய அரசியலமைப்பின் 314ஆம் உறுப்புரை குறிப்பிட்ட பழைய சேவையாளரும், 1947 ஆகஸ்ட் 15க்கு முன் நியமனம் பெற்ற நீதிபதிகள் சிலரும், நிரந்தரமாக வெளிநாட்டில் வதிந்து அங்கு பெறும் ஓய்வூதியம் இந்தியாவில் எழுந்த வருமானமாகக் கொள்ளப்படாது என்றது அது. அவ்வுறுப்புரை 1972இல் அரசியலமைப்பின் 28ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டது. பேரரசு மறைந்து கால் நூற்றாண்டு சென்ற பின்னரே அதன் சலுகை அரசியலமைப்பினின்று அகன்றது என்பது கருதத்தக்கது.

இந்திய வழக்கு ஓய்வூதியம் பற்றியது. பேரரசுக்குள் ஒரே வருமானத்தின் மீது இரு அரசுகள் வரி விதிக்கும் பொதுச் சிக்கலும் இக்காலத்தில் முதிர்ந்தது. முதலாம் உலகப் போரின் செலவால் வரிவீதங்கள் பன்மடங்கு உயர்ந்தன. முன்பு பொறுக்கக்கூடியதாயிருந்த இரட்டைச் சுமை பொறுக்கவியலாததாயிற்று. 1920ஆம் ஆண்டின் பிரித்தானிய நிதிச் சட்டம், டொமினியன்களிலோ குடியேற்றநாடுகளிலோ வரி செலுத்தியவருக்குப் பிரித்தானிய வரிவீதத்தின் அரைப்பங்கு வரை நிவாரணம் வழங்கியது. பேரரசுக்கு வெளியே, சர்வதேச சங்கம் இப்பணியை மேற்கொண்டது. அதன் வேண்டுகோளின் பேரில் புறூயின்ஸ், ஐனோடி, செலிக்மன், ஸ்ராம்ப் என்னும் பொருளியலறிஞர் நால்வர் 1923இல் அறிக்கையொன்றைச் சமர்ப்பித்தனர். ஒருவன் எந்நாட்டோடு பொருளாதாரப் பிணைப்புடையவனோ அந்நாட்டுக்கே வரியுரிமை என்பது அவர்கள் வகுத்த அடிப்படை. 1928இல் மாதிரி உடன்படிக்கைகள் வரையப்பட்டன. 1943இல் மெக்சிக்கோவில் உருவான மாதிரி, வருமானம் எழும் நாட்டுக்குச் சார்பாயிற்று. 1946இல் இலண்டனில் உருவான மாதிரி, வருமானம் பெறுபவர் வதியும் நாட்டுக்குச் சார்பாயிற்று. மூலதனத்தை இறக்குமதி செய்யும் நாடுகளின் குரல் முன்னதிலும், ஏற்றுமதி செய்யும் நாடுகளின் குரல் பின்னதிலும் ஒலித்தது என்பர்.

இப்பின்னணியில் இரண்டாம் வகையினரான எம்மவரை நோக்குவோம். மலாயாவில் 1885இல் தைப்பிங்கிற்கும் போட் வெல்ட்டுக்கும் இடையே முதற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1896இல் சமஷ்டி மலாய் அரசுகள் உருவாகின. விரிந்து வந்த நிருவாகத்துக்கு ஆங்கிலங் கற்ற எழுதுவினைஞரும் நில அளவையாளரும் நிலைய அதிபரும் தேவைப்பட்டனர். மிசனரிமாரின் பாடசாலைகள் அத்தகைய கல்வியாளரை யாழ்ப்பாணத்தில் தேவைக்கு மிஞ்சி உருவாக்கியிருந்தன. கடல் கடந்தோர் பலர், ஓய்வுபெற்றதும் ஊர் திரும்பினர். 1906 முதல் மலாயாவில் வழங்கிய டொலர் 2 சிலிங் 4 பென்ஸ் பெறுமதியில் நிலைநிறுத்தப்பட்டது. 1927இன் பின் ரூபாவின் பெறுமதி 1 சிலிங் 6 பென்ஸ் ஆயிற்று. எனவே 1930களில் 100 டொலர் ஓய்வூதியம் இங்கு ஏறத்தாழ 155 ரூபாவாக வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் அது சிறிய தொகையன்று.

இலங்கையில் வருமான வரி, டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அரசாங்க சபை அமைந்த அடுத்த ஆண்டில், 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் வந்தது. இலங்கையில் வதிபவரின் வருமானம் உலகின் எப்பகுதியில் எழுந்தாலும் வரிக்குரியது என்பது அதன் அடிப்படை. மலாயாவிலோ, போர்க்காலங்களில் தற்காலிகமாக விதிக்கப்பட்ட வரிகளை நீக்கி நோக்கின், நிலையான வருமான வரி 1947ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஏற்பட்டது. 1948 தொடக்கம் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில், கொடுக்கும் நாட்டில் நிலையான வருமான வரி இல்லை. வதியும் நாட்டில் உண்டு. விதிவிலக்கு எல்லையைத் தாண்டிய ஓய்வூதியத்தின் மீது வரியுரிமை இலங்கையின் பக்கமே சாய்ந்தது.

இங்கு நாம் எம்மையே வினாவுதல் வேண்டும். நௌரோஜியின் அளவுகோலால் அளந்தால், மலாயாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த ஓய்வூதியமும் வடிதலன்றோ? அது மலாயாவின் ஈயத்திலும் இறப்பரிலும் பிறந்த அரசிறை; கூலித் தொழிலாளரின் வியர்வையில் விளைந்தது. அதன் ஒரு பகுதி வரியாக இலங்கைத் திறைசேரியிற் சேர்ந்தால், ஒரு குடியேற்றநாட்டின் செல்வம் இன்னொரு குடியேற்றநாட்டின் அரசிறையாயிற்று என்றே கூறல் வேண்டும். யாழ்ப்பாணத்து எழுதுவினைஞன் ஆள வந்தவனல்லன். ஆள்வோர் வகுத்த சம்பளத்துக்கு உழைத்தவன் என்னும் வேறுபாடு உண்மையே. ஓய்வூதியத்தின் அளவும் அதிகாரமும் வேறு. ஆயினும் பணம் ஓடிய திசையை அவ்வேறுபாடு மாற்றிவிடாது. இந்தியாவின் வடிதலை விளக்கும் மாணவன், தன் கிராமத்துக் கல்வீட்டின் கணக்கையும் அதே நேர்மையோடு நோக்குதல் வேண்டும்.

பேரரசு கலைந்தபோது நிலைமை மாறிற்று. 1957இல் மலாயா சுதந்திரம் பெற்றது; அதன் அரசியலமைப்பின் 147ஆம் உறுப்புரை ஓய்வூதிய உரிமைகளுக்குப் பாதுகாப்பளித்தது. கொடை என்று தொடங்கியது இப்போது அரசியலமைப்பு உரிமையாயிற்று. அதேவேளை, ஒரே முடியின் குடிகளாயிருந்தோர் வெவ்வேறு நாடுகளின் பிரசைகளாயினர். முன்பு பொருட்டாக எண்ணப்படாத பிரசாவுரிமை, ஓய்வூதியரின் வாழ்விலும் பொருளுடையதாயிற்று.

பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 1963இல் வெளியிட்ட மாதிரி உடன்படிக்கை வரைவு, தனியார்துறை ஓய்வூதியத்தையும் அரச ஓய்வூதியத்தையும் வெவ்வேறு உறுப்புரைகளில் வைத்தது. முன்னதன் மீதான வரியுரிமை பொதுவாக வதியும் நாட்டுக்குரியது. பின்னதன் மீது கொடுக்கும் அரசு வரி விதிக்கலாம் என 1963ஆம் ஆண்டு வரைவு கூறிற்று. கொடுக்கும் அரசு மட்டுமே விதிக்கலாம் என 1977ஆம் ஆண்டு மாதிரி இறுக்கமாக்கிற்று. இதற்குக் கூறப்பட்ட காரணம் இறைமையுடைய அரசுகள் ஒன்றுக்கொன்று காட்டும் மரியாதையாகும். ஓர் அரசின் திறைசேரி வழங்கியதில் இன்னோர் அரசு கைவைத்தல் முறையன்று என்பதே அதன் கருத்து. இவ்விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. ஓய்வூதியர் தாம் வதியும் நாட்டின் பிரசையாகவும் இருப்பின், வரியுரிமை அந்நாட்டுக்கு மட்டுமே உரியதாகும். ஐக்கிய நாடுகள் அமைப்பு 1980இல் வெளியிட்ட மாதிரியும் இவ்வடிப்படையையே ஏற்றது.

இவ்விதியை யாழ்ப்பாணத்து வீடொன்றிற் பொருத்தி நோக்கின் அதன் விநோதம் புலனாகும். மலாயாவில் ஒரே அலுவலகத்தில் ஒரே பதவியில் இருந்த இருவர் ஊர் திரும்புகின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் இலங்கைப் பிரசை. மற்றவர் மலேசியப் பிரசை. மாதிரி விதியின்படி முன்னவரின் ஓய்வூதியத்துக்கு இலங்கையும் பின்னவரின் ஓய்வூதியத்துக்கு மலேசியாவும் வரி விதிக்கலாம். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமோ, ஐம்பத்தைந்து வயதையோ சட்டம் விதித்த ஓய்வு வயதையோ அடைந்து ஓய்வுபெற்றோரின் ஓய்வூதியத்துக்கு விலக்களித்தது. ஆகவே பின்னவர் எந்நாட்டுக்கும் வரி செலுத்த வேண்டியிராது. உழைப்பு ஒன்று, தெரு ஒன்று, வைத்தியசாலையும் ஒன்று. வேறுபட்டது கடவுச்சீட்டு மட்டுமே.

இதே காலத்தில் முதல் வகையினருக்கு நேர்ந்தது வேறு. குடியேற்றநாடுகளில் பணியாற்றிய பிரித்தானிய உத்தியோகத்தரின் ஓய்வூதியப் பொறுப்பைப் பிரித்தானிய அரசே ஏற்றுக்கொள்வதற்கு 1973ஆம் ஆண்டின் கடல்கடந்த ஓய்வூதியச் சட்டம் வழிவகுத்தது. அவ்வாறு பொறுப்பேற்கப்பட்டவருக்குக் கொடுக்கும் நாடும் வதியும் நாடும் ஒன்றாயின. 1842இல் இருந்த எளிய நிலை மீண்டது. உள்ளூர் உத்தியோகத்தருக்கும், எம்மவர் போன்று குடியேற்றநாட்டிலிருந்து குடியேற்றநாட்டுக்குச் சென்றோருக்கும் அத்தகைய தாயக அரசு எதுவும் முன்வரவில்லை. அவர்கள் ஆண்டுதோறும் தாம் உயிரோடிருப்பதற்கான அத்தாட்சியைக் கையொப்பமிட்டு அனுப்பி, அயல்நாட்டுத் திறைசேரியின் நன்னம்பிக்கையிலேயே தங்கியிருந்தனர்.

இதுகாறும் கூறியவற்றால், அரச ஓய்வூதியம் பற்றிய வரிவிதி முதலில் அரசுகளின் மரியாதையையே காத்தது என்பது தெளிவாகும். அம்மரியாதையும் எல்லா அரசுக்கும் ஒருபடியாக அளிக்கப்படவில்லை. கொடுக்கும் அரசே வரி விதிக்கவேண்டும் என்னும் கொள்கை நியாயமானதாயின், 1935இல் அது இந்தியாவுக்கு ஏன் மறுக்கப்பட்டது? இந்தியா அடிமை நாடாயிருந்தது என்பதன்றி வேறு விடையில்லை. இறைமையுள்ள நாடுகள் பல தோன்றிய பின்னரே இறைமைக்குரிய மரியாதை பொதுவிதியாயிற்று.

இது பழங்கதையன்று. முன்னைய தலைமுறை மலாயாவிலிருந்து திரும்பியது போல, ஐரோப்பிய நாடுகளிலும் வட அமெரிக்காவிலும் உழைத்த தலைமுறையொன்று இன்று ஓய்வூதிய வயதை அடைந்துள்ளது. அவர்களுட் சிலர் முதுமையைப் பிறந்த மண்ணிற் கழிக்க விரும்புகின்றனர். அரச சேவைக்கான ஓய்வூதியம் வேறு, பிரித்தானியாவில் முதியோர் அனைவருக்கும் பொதுவாயுள்ள காப்புறுதி ஓய்வூதியம் வேறு. பின்னது அரச சேவை பற்றிய உறுப்புரையின் கீழ் வருவதில்லை. இரண்டிற்கும் 'அரசாங்கப் பென்சன்' என்னும் ஒரே பெயரை வழங்கும் எமது பேச்சு வழக்கு, இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. 1987இல் இலங்கைச் சட்டம் இரட்டைப் பிரசாவுரிமைக்கு இடமளித்தது. மேற்கூறிய மாதிரியைப் பின்பற்றும் உடன்படிக்கையின் கீழ், திரும்பி வந்து இலங்கைப் பிரசாவுரிமையை மீளப் பெறுதல் ஒருவரது அரச சேவை ஓய்வூதியத்தின் வரியை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு மாற்றிவிடக் கூடும். உணர்வால் எடுக்கும் முடிவொன்றின் பின்னால் அரசிறையின் விதியொன்று நிற்பதைப் பலரும் எண்ணுவதில்லை.

இவ்வரலாற்றின் ஒரு பாதியை மட்டுமே சட்டங்களிலிருந்தும் உடன்படிக்கைகளிலிருந்தும் எழுதலாம். மறு பாதி, ஓய்வூதியர் வீடுகளின் பெட்டகங்களில் உள்ளது. ஓய்வூதியக் கொடுப்பனவுச் சீட்டுகள், உயிர்வாழ் அத்தாட்சிப் பிரதிகள், வரி மதிப்பீட்டு அறிவித்தல்கள் என்பன ஆவணக் காப்பகங்கள் அரிதிற் பேணுபவை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதும், தொடர்ந்த போரில் வீடுகள் பல அழிந்ததும் எஞ்சிய தாள்களின் பெறுமதியை உயர்த்தியுள்ளன. அவற்றைத் திரட்டிப் படிக்கும்போதே, அரசுகள் தம்முள் பங்கிட்டுக்கொண்ட அவ்வுழைப்பை அதற்குரியவர் எவ்வாறு கணக்கிட்டனர் என்பது தெரியவரும். வரலாற்றுத்துறை மாணவர் அப்பணியை மேற்கொள்ளுதல் காலத்தின் தேவையாகும்.